வைப்பாற்று மணலில் ஒரு கூடாரம்

லிங்கராஜ் தன் பலசரக்குக் கடையை வருஷத்துக்கு இரண்டு நாள்தான் அடைப்பார். இந்தத் தை மாதம் பொன்மணிக்காக இன்னும் இரண்டு நாள் அடைக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி பொன்மணி ஐம்பத்தொரு வயதில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கோவில்பட்டியிலிருந்து வைப்பாறு வரை தானே காரோட்டிப் போக வேண்டும், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். சென்னையிலிருக்கும் மகள் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு கூடாரத்தையும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தது. கம்பு அறுத்த தாள், கொத்தமல்லி பூத்த வெள்ளை, தூரத்தில் சோம்பலாகச் சுற்றும் காற்றாலைகள். லிங்கராஜ் எதையும் பார்க்கவில்லை. இல்லாத பிரேக்கைத் தேடி அவர் வலது கால் அடிக்கொருதரம் தரையை மிதித்தது.

“ஏட்டி, மெதுவா. லாரி வருது.”

“அவன் பக்கம் அவன் போறான். நீங்க வேடிக்கை பாருங்க.”

விளாத்திகுளத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு திருப்பத்தில் ரோடு முழுக்க ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்பொட்டு வைத்த வேம்பூர் ஆடுகள். பொன்மணி குலுங்காமல் நிறுத்தினாள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தாள். பெயர் செல்வமாரி என்றாள்.

“யக்கா, இந்தத் தாயாடு நடுரோட்டுல குட்டி போட்டுட்டு. எங்க வீட்டுக்காரர் ஆத்துப் பக்கம் ஆட்டைப் பட்டியடைச்சுக் கிடை போட்டிருக்காவ. அம்புட்டுத் தூரம் இதால நடக்க ஏலாது. கொஞ்சம் கொண்டு விடுதீங்களா?”

லிங்கராஜ் புது சீட் கவரை நினைத்தார். அதற்குள் பொன்மணி பின்கதவைத் திறந்துவிட்டாள். யாராவது பிடித்தால்தான் ஆடு அடங்கும் என்றாள் செல்வமாரி. வழி சொல்லிவிட்டு, மற்ற ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். லிங்கராஜ் சலவை வேட்டியோடு பின்சீட்டுக்குப் போனார். தாயாட்டின் கழுத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். மடியில் குட்டி, ஈரமும் சூடுமாக நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று கிலோமீட்டர் போவதற்குள் அவர் விரலை அது சப்பத் தொடங்கியது.

“பொன்மணி, பள்ளம் பாத்துப் போ. இதுக்கு வலிக்கும்,” என்றார்.

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆறு என்றால் முக்கால்வாசி மணல்தான். அக்கரை ஓரமாக ஒரு வேட்டி அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர் ஓடியது. செல்வமாரியின் கணவர் வன்னியபெருமாள் ஆட்டை இறக்கிக்கொண்டார். “அண்ணாச்சி, இங்கனயே தங்குங்க. கிடையில நாங்க இருக்கோம், பயமில்ல,” என்றார்.

கூடாரம் மட்டும் மசியவில்லை. மணலில் முளை நிற்காமல், ஒரு காற்றுக்கு மொத்தமாகப் பறந்தது. லிங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓட, ஆடுகள் மிரண்டு நாலாபக்கமும் ஓடின. வன்னியபெருமாள்தான் நான்கு உரச்சாக்கில் மணலை நிரப்பி, மூலைக்கு ஒன்றாகக் கட்டி நிறுத்தினார்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் மணலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். லிங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஒண்ணு சொல்லணும். நீ மொதல்ல சேந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்ட்ட நான்தான் போயிச் சொன்னேன். உனக்கு ஓட்ட வராதுன்னு சொல்லி அனுப்பிருங்கன்னு.”

“தெரியும். அவரே சொல்லிட்டாரு. அதான் வேற ஸ்கூல்ல சேந்தேன்.”

“ஆறு மாசமாத் தெரியுமா? ஒரு வார்த்தை கேக்கலையே.”

“நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். அன்னைக்கு ரொம்ப அழுதேன். ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

அவர் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தார். “வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன்ன உன்னைக் கார்ல கழுகுமலைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்லா. கடை நெனப்பு இல்லாம நாம பேசுதது அந்த வழியிலதான். நீயே ஓட்டப் படிச்சிட்டா, நான் எதுக்குன்னு ஆயிருமோன்னு...”

கிடைப் பக்கம் தாயாடு கூப்பிட்டது. குட்டி மெல்லிய குரலில் பதில் கொடுத்தது.

“இதை வாயத் தொறந்து சொன்னா என்ன? கூறுகெட்ட மனுஷன்,” என்றாள் பொன்மணி. “கொஞ்ச நாளைக்குச் சொல்லிக்காட்டத்தான் செய்வேன்.”

“காட்டு.”

அவள் தன் இலையிலிருந்த வறுத்த நிலக்கடலையைப் பொறுக்கி அவர் இலையில் வைத்தாள். இந்தத் தடவை சோறு இறங்கியது.

விடிந்ததும் லிங்கராஜ் தண்ணீரில் இறங்கினார். கணுக்கால் அளவுதான். முங்க முடியாமல் அப்படியே மல்லாந்து படுத்தார். வேட்டி காற்றடைத்துப் பந்தாக உப்பியது. கரையில் நின்று பார்த்த பொன்மணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தண்ணி குளிருதா?” என்றார்.

“குளிருது. நகருங்க கொஞ்சம்.”