சிவப்புக் கார் சாய்ந்த பக்கம்

பல் டாக்டரின் சிவப்புக் கார், ஸ்பிரிங்கம்மா எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்துவிடும். அவள் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். முன்னால் நின்றால் மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும். பட்டறைத் தரைதான் கோணல் என்று முதலில் நினைத்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரையில் குற்றம் ஒன்றுமில்லை. எதிர்க் கடை டயர்க்காரர் வந்து இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செடி வெயில் பக்கம் சாயுற மாதிரி சாயுதுப்பா" என்று சொல்லிவிட்டு, தன் பஞ்சர் வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். ஊரில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் ஒரே ஒருவர், அவளுடைய புருஷன்.

புருஷனைப் பிஸ்டன்காரர் என்பார்கள். பட்டறை இருவருக்கும் பொது. எஞ்சின் அவருடையது, ஸ்பிரிங், ஷாக், புஷ் என்று வண்டியின் கீழ்ப்பாதி முழுக்க அவளுடையது. அவள் தன் அப்பாவின் பட்டறையில் வேலை பழகி, ஒரு பெட்டி ஸ்பேனரோடு கல்யாணமாகி வந்தவள். பிஸ்டன்காரர் நல்ல மனுஷன், கைச்சுத்தம் உள்ளவர், ஆனால் அவள் விஷயத்தில் மட்டும் காமாலைக் கண். அவளுக்கு ரவிக்கை அளவெடுத்த தையற்காரரோடு பேச்சை நிறுத்தியவர். ரேடியோவில் பாட்டுக் கேட்டு அவள் தனியாகச் சிரித்தால், எந்த ஸ்டேஷன் என்று விசாரிப்பவர். இன்னொரு வழக்கும் அவருக்கு இருந்தது. எந்தச் செருப்பு வாங்கினாலும் இடதுகால் செருப்புதான் முதலில் தேயும். தோல் சரியில்லை, தையல் சரியில்லை என்று தெருமுனைச் செருப்புக்காரரோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் காரைப் பல் டாக்டர் இளவயதில் கடல் கடந்து வரவழைத்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத சீட்டு, பன்னிரண்டு சிலிண்டர், கத்தினால் அடுத்த தெருவில் குழந்தை எழுந்துவிடும். ஒரு வருஷம் ஓட்டினார். பிறகு குடும்பம், பிறகு முதுகுவலி, பிறகு மறதி. தார்ப்பாய் போட்டு மூடி வைத்த கார் ஷெட்டிலேயே கிடந்து, லாரி ஏறிப் பட்டறைக்கு வந்தபோது எலிகள் ஒயரைத் தின்று தீர்த்திருந்தன. டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருந்தது. பன்னிரண்டு பிஸ்டனும் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தன. பிஸ்டன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பிளக் ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றிப் பொறுத்திருந்து, தட்டித் தட்டி ஒவ்வொன்றாக விடுவித்தார். வால்வுகளைப் பொடி போட்டுத் தேய்த்து உட்கார வைத்தார். ரிங், பேரிங், செயின் எல்லாம் புதிது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, ஆறு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் வீட்டில் அவர் பேசியதெல்லாம் அந்த எஞ்சினைப் பற்றித்தான்.

அப்புறம்தான் ஸ்பிரிங்கம்மா ஷாக்கைப் பார்க்க வந்து முன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்தாள். கார் அவள் பக்கம் சாய்ந்தது. அன்றிலிருந்து பிஸ்டன்காரர் வாயில் கார் 'அவன்' ஆகிவிட்டது.

"நெஞ்சைத் தொறந்து உயிர் குடுத்தவன் நான். அவன் பல்லிளிக்கிறது எங்கே பாரு" என்று டயர்க்காரரிடம் பொருமினார்.

"காருக்கு ஏதுய்யா பல்லு?"

"டாக்டர் வண்டிதானே, இருக்கும்."

பழைய ஸ்பிரிங்கின் கோளாறாக இருக்கட்டும் என்று அவர் வேண்டாத தெய்வமில்லை. அவள் ஸ்பிரிங்கை மாற்றினாள், ஒழுகிய ஷாக்குகளைப் பிரித்துச் சீல் போட்டாள், வெடித்த ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்துப் புதிது ஏற்றினாள். கார் முன்னைவிட வழவழப்பாகச் சாய்ந்தது. அதையாவது சகித்துக்கொண்டிருப்பார். அவள் டீ கொண்டுவந்து வாசலில் நின்றால் எஞ்சின் சத்தமும் ஒரு படி ஏறியது. அவரே காது வைத்துச் சீராக்கிய எஞ்சின்! திருகாணியை இறக்கினார்; எஞ்சின் அணைந்தது. கிளப்பினார், அவள் டம்ளரை எடுக்க வந்தாள், மறுபடி ஏறியது. அவருக்கு வயிறு எரிந்தது.

மிச்சமிருந்தது ஒரே வேலை, புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குவது. அதற்கு ஒரு முறை உண்டு. வண்டி நாலு சக்கரத்திலும் தன் எடையில் நேராக நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலையை ரப்பர் பிடித்துக்கொள்ளும். கோணலாக நிற்கும்போது இறுக்கினால் ஆயுசுக்கும் கோணல்தான். அவள் பட்டறையில் இருக்கும்வரை கார் நேராக நிற்கப்போவதில்லை.

"நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வரேங்க. நீங்களே இறுக்கிடுங்க" என்றாள். காலையில் பஸ் ஏறிப் போனாள்.

அவள் போனதும் பிஸ்டன்காரர் விசிலடித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். காரைப் பார்த்தார். கார் சாய்ந்துதான் நின்றது, கிழக்கே. அக்கா வீடு இருப்பது தெற்கே. ரசமட்டத்தை வைத்தார், எடுத்தார், துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "இங்கே வரலையே தம்பி, வரேன்னு சொன்னாளா என்ன?" என்றாள் அக்கா. கிழக்கே எவன் இருக்கிறான்? தையற்காரர் மேற்கே. அவளோடு படித்த மின்சாரவாரியக்காரன் வடக்கே. இத்தனை வருஷம் தான் கணக்கிலேயே எடுக்காத ஒருவன் கிழக்கே இருந்திருக்கிறான்!

இறுக்காத போல்ட்டுகளோடு காரைக் கிளப்பிவிட்டார். பாத்திரக் கடை உருண்டு போவது மாதிரி ஒரு சத்தம். சந்திப்பு வந்தால் எந்தப் பக்கம் மூக்கு தாழ்கிறதோ அந்தப் பக்கம் திருப்பினார். சந்தேகப்பட்ட புருஷனுக்கு அந்தக் காரே வழிகாட்டி, அதை அவர் கவனிக்கவில்லை. தபால் ஆபீஸ் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் கார் முன்பக்கம் தரையில் உரச மண்டியிட்டு நின்றது.

ஸ்பிரிங்கம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தாள். பிஸ்டன்காரர் பெஞ்சுக்குப் பின்னால் பார்த்தார், மரத்துக்குப் பின்னால் பார்த்தார், பூட்டிக் கிடந்த படகுக் கொட்டகையின் இடுக்கில்கூடக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

"அவன் எங்கே?"

"எவன்?"

"அக்கா வீடுன்னு சொன்னியே!"

"அக்கா வீட்டுக்குப் போனா அக்கா என்மேல சாஞ்சு அழுவாங்க. பட்டறையில இந்த வண்டி. வீட்டுல நீங்க. யாரும் சாயாத இடமா ஒரு மத்தியானம் உக்காந்திருக்கலாம்னு வந்தேன். ரெண்டு பேரும் தேடிப் பிடிச்சு வந்துட்டீங்க."

"நான் எப்போ சாஞ்சேன்?"

"அந்தச் செருப்புக்காரரைப் பாவம் இத்தனை வருஷமா திட்டறீங்களே. ரோட்டுல நடக்கும்போது நான் உங்களுக்கு எந்தப் பக்கம் வருவேன்?"

பிஸ்டன்காரர் யோசித்தார். இடப்பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம். குனிந்து பார்த்தார். இப்போதும் அவர் அவளை நோக்கிச் சாய்ந்துதான் நின்றுகொண்டிருந்தார், இரண்டு விரற்கடை இல்லை, நாலு இருக்கும். விழாமல் நிற்பதே அதிசயம். நிமிரப் பார்த்தார், முடியவில்லை. கோபமெல்லாம் வடிந்து ஒரு பயம் வந்தது. அவள் நிமிர்ந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். அவளை இப்படி உட்கார வைத்த அந்த மரப் பெஞ்சின்மேல்தான் அவருக்கு அப்போது பொறாமை.

"வீட்டுக்கு வருவியா?" என்றார்.

"வராம எங்கே போவேன்? பொழுது இறங்கினப்புறம் வரேன். இந்தக் கடலை முடியணும். நீங்க போங்க."

போவது லேசாக இருக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பின்னால் இழுத்தது. கார் அசைய மறுத்தது. பிஸ்டன்காரர் அதன் கூரையில் ஒரு தட்டுத் தட்டி, "வாடா. இருக்கட்டும், அவ உக்காரட்டும்" என்றார். இருவரும் பட்டறை வந்து சேர்ந்தார்கள், திரும்பிப் பார்க்காமல், கடகடவென்று.

சொன்ன மாதிரியே அவள் வந்தாள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியிருந்தது. காரைப் பட்டறைப் பள்ளத்தின்மேல் நிறுத்தச் சொல்லி, பள்ளத்தில் இறங்கி, வண்டிக்கு அடியில் நேர் நடுவில் நின்றாள். கார் எந்தப் பக்கமும் சாய வழியில்லாமல், நாலு சக்கரத்திலும் ஒரே அளவாக அவளை நோக்கித் தாழ்ந்தது. அப்படியே இறுக்கிவிட்டாள். பல் டாக்டர் வந்து பார்த்து, கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதே என்றார். இந்த வண்டி அப்படித்தான் நிற்கும் என்றார் பிஸ்டன்காரர். அதற்கப்புறம் கார் சாய்ந்ததில்லை. பட்டறையைக் கடக்கும்போது மட்டும் எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறும். பிஸ்டன்காரர் கேட்டும் கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார்.

வாரத்தில் ஒரு மத்தியானம் ஸ்பிரிங்கம்மா ஏரிக்கரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் எங்கே என்று கேட்பதில்லை. வயிறு எரியத்தான் எரியும், ஆனால் கேட்பதில்லை. செருப்புக்காரர் இடதுகால் செருப்புக்கு மட்டும் ஒரு அடித்தோல் கூடுதலாக வைத்துத் தைக்கத் தொடங்கினார். ஸ்பிரிங் வேலைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களுக்கும் பழகிப்போயிற்று. பிஸ்டன்காரர் கிழக்கே சாய்ந்து நின்று எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டுவிட்டு அப்புறம் வருவார்கள். வாசல் பக்கம் சாய்ந்திருந்தால் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். டயர்க்காரர் அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கும் சேர்த்து டீ சொல்வார்.