கன்றுக்கு முந்திய கிண்ணம்

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல, அனார்கான் அண்ணி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் அண்ணன் கெங்கெஷ் போன குளிர்காலத்தில் கணவாய்ப் பனிச்சரிவில் லாரியோடு போய்விட்டான். அண்ணிக்கு மிஞ்சியது எங்கள் மலையூர் ஆத்பாஷியில் ஒரு வீடு, நாலு வயது மகள் ஆதினாய், தலைச்சினையாக நின்ற பசு காஷ்கா. காஷ்கா ஈன்று கன்று பிழைத்தால் பாலும் வெண்ணெயும் விற்றுப் பிழைக்கலாம். கன்று இல்லாமல் எங்கள் ஊர்ப் பசு மடி விடாது. அப்படி ஆகிவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு மாஸ்கோவுக்குப் போய் அடுக்குமாடிப் படிக்கட்டு துடைக்க வேண்டியதுதான். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் துடைக்கிறார்கள்.

நான் தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாடுகளின் மரபணுவைப் படிக்கிறவள். மார்ச்சில் அண்ணியைப் பார்க்கப் போனேன். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் எனக்கு வாய் நிற்காது.

"ஆன்டிபாடி செய்ய மனுசங்க மரபணுவுல நெறைய அச்சு இருக்கு அண்ணி. மாட்டுக்குப் பாவம், ரொம்பக் கொஞ்சந்தான். ஆனா அது கெட்டிக்காரத்தனத்தப் பாரு! அந்தக் கொஞ்சத்துலயே எழுத்த மாத்தி, சில எழுத்த வெட்டிப் போட்டு, கணக்கில்லாம ஆயுதம் செஞ்சுக்கும். சிலதுக்கு நீளமான கை, நுனியில ஒரு குமிழ். நம்மளது நுழைய முடியாத இடுக்குல கூட கைய விட்டுக் கிருமியப் பிடிச்சிரும்."

"ஒரே மாவுல ஒம்பது பலகாரம்னு சொல்லு. இந்த வீட்டுல நானும் அதத்தானே பண்றேன்?" என்று சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னும் கேளு. கிருமியப் பாத்தப்புறம் இல்ல, தாய் வயித்துல இருக்கும்போதே இந்த வேலைய ஆரம்பிச்சுருது!"

"அம்மாடி! அப்ப என் கன்னு ஆயுதத்தோடதான் வரப்போகுதா, படிப்பாளி?"

புருஷன் வீட்டார் பெயரை எங்கள் மருமகள்கள் வாயால் சொல்லமாட்டார்கள். அவள் எனக்கு வைத்த பெயர் படிப்பாளி.

"பின்ன!" என்றேன்.

பாதிதான் சொன்னேன், பாவி. வயிற்றில் நடப்பது வெறும் ஆரம்பம். பிறந்த கன்றின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. தாயின் ரத்தத்திலிருந்து கருப்பைக்குள் அது இறங்காது. முதல் சில மணி நேரத்தில் குடிக்கிற சீம்பாலில்தான் வரும், ஒரு நாளில் குடல் அதையும் ஏற்காமல் மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா? கைதட்டு கிடைத்த இடத்தில் பேச்சை நிறுத்துவது என் புத்தி.

மறுநாள் விடியலில் காஷ்கா ஈன்றது. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன், பஸ் பத்து மணிக்கு. அண்ணி சீம்பாலைக் காய்ச்சி, உறைந்ததும் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அண்டை வீடுகளுக்கும் கொடுத்தாகிவிட்டது.

"கன்னு குடிச்சுதா அண்ணி?"

"இன்னும் எழுந்திரிக்கவே இல்ல. தலையீத்துப் பாரு, கொஞ்சந்தான் சுரந்துச்சு. சாயங்காலம் குடிக்கும்."

கன்று குடித்து மிஞ்சியதைத்தான் மனுஷர் தொடுவது எங்கள் வழக்கம். "மொதல்ல கன்னுக்குத்தானே..." என்று இழுத்தேன்.

"வழக்கம் அதான். ஆனா நீ பஸ்ஸுக்குப் போறவ. வெறும் வாயோட அனுப்பினா உங்கண்ணன் என்னை மன்னிப்பாரா? கன்னுக்கென்ன, அதான் வயித்துலயே எல்லாம் செஞ்சுக்கிட்டு வருதுன்னு சொன்னியே!"

கிண்ணத்தருகே போன என் கை நின்றது. நேற்றுச் சொன்னது பாதிதான் அண்ணி, காய்ச்சியது இனிக் கன்றுக்கு உதவாது, இப்போதே மறுபடி கறந்து பச்சையாகப் புட்டியில் கொடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கைம்பெண் வீட்டின் முதல் சீம்பாலைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. என் பெருமையும் கூடவே உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் போன் வந்தது. கன்றுக்குக் கழிச்சல். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடு, டாக்டரைக் கூப்பிடு என்று கத்தினேன். ஐந்தாம் நாள் அது செத்துப்போனது.

தோலில் வைக்கோலைத் திணித்துக் காஷ்கா முன்னால் நிறுத்தினார்கள். அது ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாதம் முடிவதற்குள் மடி வற்றிவிட்டது.

மே மாதம், பிஷ்கெக் பஸ் நிலையத்தில் அண்ணி ஆதினாயின் கையை என் கையில் கொடுத்தாள். மாஸ்கோ பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இனியும் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள். "டாக்டர் சொன்னாரு. அன்னிக்குக் கிண்ணத்துக்கிட்ட உன் கை நின்னதையும் பாத்தேன். நீ கூச்சப்படுறன்னு நெனச்சேன்."

"என்னைத் திட்டு அண்ணி."

"திட்டி என்ன ஆகப்போகுது? நீ அதச் சாப்பிடாம உண்மையச் சொல்லியிருந்தா ஒரு நாள் கோவிச்சிருப்பேன். ஒரே நாள்தான், படிப்பாளி."

குழந்தையை முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் திரும்பி மறைந்தது.

"அத்தே, அம்மா நாளைக்கு வந்துருவாளா?" என்று ஆதினாய் கேட்டாள்.

இந்த முறையாவது பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.