அகஸ்ரினா மாமியின் ஐந்து பக்கம்

அன்ரோனெற்றின் பிறின்ரர் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. சாகிறதுதான் சாகிறது, இன்னும் ஐந்து தாளைத் துப்பிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா? காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறது. அடுத்த திங்கட்கிழமை மன்னார் ரவுணில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டியவை அந்த ஐந்து தாளும். அகஸ்ரினா மாமியின் மகன் சாந்தரூபனை யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆறு வருடமாகிறது. அவனைப் பற்றித் தாய் சொன்ன முழு வாக்குமூலமும் அந்த ஐந்து பக்கத்துக்குள்தான் இருந்தது.

பேசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஓர் அறை, அதற்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய கொம்பியூட்டர். அதுதான் அன்ரோனெற்றின் ரைப்பிங் கடை. இருபது வருடம் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் கிடந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவள் அவள். முகாமில் இருக்கும்போது தினமும் பஸ் ஏறி இராமநாதபுரத்துக்குப் போய், ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணக் கார்டும் கருமாதிக் கார்டும் அடித்துக் கை பழகியவள். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் குடமும் சட்டியும் கட்டிக்கொண்டு வந்தார்கள். இவள் தன் சாமானோடு ஒரு பென் டிரைவும் கொண்டுவந்தாள். அந்தக் கடையின் தமிழ் எழுத்து, 'பொன்ற்' என்பார்களே அது, அதற்குள் இருந்தது. கடை முதலாளியின் மைத்துனர் ஒருவர் தானே உருவாக்கிய எழுத்து அது. அவளுடைய விரல்களுக்குத் தெரிந்ததும் அந்த ஒன்றுதான். மீளக் குடியேறியவர்களுக்கென்று யாரோ கொடுத்த பழைய கொம்பியூட்டரில் அதைப் போட்டுக்கொண்டு தொழிலைத் தொடங்கினாள். பென் டிரைவ் உப்புக்காற்றில் கறள் பிடித்து எப்போதோ குப்பைக்குப் போனது. போனால் போகட்டும், எழுத்துத்தான் கொம்பியூட்டருக்குள் இருக்கிறதே என்று அவள் அதைப் பற்றிப் பிறகு நினைக்கவேயில்லை.

மனு எழுதுகிற மற்றவர்களைப் போல அவள் கொப்பியில் எழுதி, அடித்து, திருத்தி, 'மேற்படி நபர்' என்று மாற்றிப் போடுகிறவள் இல்லை. வந்தவர்கள் வாயைத் திறந்தால் இவள் விரல் ஓடும். அழுதால் நிற்கும், மூக்கைச் சீறிவிட்டுத் தொடங்கினால் மறுபடி ஓடும். அவர்கள் சொன்ன சொல் அப்படியே தாளில் விழும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்கட்டுமே, அந்தக் கரையில் அப்படி அடிக்க வேறு யாருக்கு வந்தது? அகஸ்ரினா மாமியும் மூன்று பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்து சொன்னார். மூன்றாம் நாள் சொல்லி முடித்து, பிறின்ற் எடுக்கப் போகிற நேரத்தில்தான் அந்தச் சனியன் பிடித்த பிறின்ரர் கண்ணை மூடியது.

வியாழக்கிழமை ரவுணுக்குப் போய்ப் புதிய பிறின்ரர் ஒன்று வாங்கினாள். அங்கேதான் அடுத்த இடி விழுந்தது. கொம்பியூட்டர் திருத்துகிற வஸீர் நானா அவளுடைய பழைய கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பிறின்ரர் உங்கட பழைய சிஸ்டத்தோட கதைக்காது. சிஸ்டத்தையும் புதுசாப் போடோணும். எப்பிடியும் பழசுக்கு இனி அப்டேற் ஒண்டும் வராது. ஒரு வைரஸ் பிடிச்சா அவ்வளவுதான்."

"போட்டா எல்லாம் ஒழுங்கா வருமா நானா? திங்கக்கிழமைக்கு முக்கியமான கடுதாசி ஒண்டு இருக்கு."

"ஏன் வராது? ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டுதானே இருக்கினம்."

ஊர் முழுக்கப் போட்டதும் உண்மைதான். என்ஜின் சாமான் விற்கிற ரொபின்சன், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பறக்குது, பறக்குது" என்று சொல்லித் திரிந்தார். போட்டோ திறக்கிறதுக்குள் தேத்தண்ணி குடித்து முடித்த காலம் போயிற்றாம். பாலர் பாடசாலைப் பெற்றிசியா சிஸ்டரோ எதிர்ப்பக்கம். மூலையில் இருந்த பொத்தானைக் காணவில்லை, கொம்பியூட்டரை நிற்பாட்டத் தெரியாமல் இரண்டு நாள் வயரைப் பிடுங்கித்தான் நிற்பாட்டினேன் என்று புலம்பினார். ஆனால் படங்கள் நல்ல வடிவாம், அதையும் சொன்னார். ஒருவருக்கு இனிப்பு, ஒருவருக்குப் புளிப்பு. நமக்கு எது வாய்க்குமோ என்று நினைத்தபடி அன்ரோனெற் ஓமென்றாள்.

வெள்ளிக்கிழமை வஸீர் நானா கடைக்கே வந்தார். மனுசனைக் குறை சொல்ல ஏலாது. கதிரையில் இருந்ததும் முதலில் கேட்டதே அதைத்தான்.

"என்னென்ன காப்பாத்தோணும், சொல்லுங்கோ. போமற் பண்ணி எல்லாத்தையும் அழிச்சாப் பிறகு அழுது பிரயோசனமில்லை."

"நான் அடிச்ச கடுதாசி எல்லாம். ஒண்டும் போகக் கூடாது நானா."

அவரும் ஒவ்வொன்றாகக் காட்டி, எண்ணி, தன்னுடைய ஹாட் டிஸ்க்கில் எடுத்து வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு கடுதாசி. ஒன்றுகூடக் குறையவில்லை. எழுத்து வேறு, கடுதாசி வேறு, எழுத்தையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கரையில் எல்லாருடைய கொம்பியூட்டரிலும் ஒரே எழுத்துத்தான், அதைத் தானே பிறகு போட்டுக்கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். இவள் கொண்டுவந்தது கடலுக்கு அந்தப் பக்கத்து எழுத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பழையது முழுவதும் அழிந்து புதியது ஏறி முடியப் பின்னேரமாகிவிட்டது. வஸீர் நானா ஒரு ஆங்கிலக் கடிதத்தைப் பிறின்ற் எடுத்துப் பார்த்தார். மணி மணியாக விழுந்தது. அன்ரோனெற் சந்தோசத்தில் அவருக்கு ஒரு பார்சல் கருவாடு கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அகஸ்ரினா மாமியின் கடுதாசியைத் திறந்தாள்.

தமிழ் எழுத்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல் இல்லை. ஞூவும் ழௌவும் றேயும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நடுநடுவே வெறும் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. பைத்தியம் பிடித்தவன் யாரோ அவளுடைய கதிரையில் இருந்து ஐந்து பக்கம் அடித்துவிட்டுப் போனது போலிருந்தது. அடுத்த கடுதாசியைத் திறந்தாள், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நானூற்றுப் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன, ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

வஸீர் நானாவுக்குப் போன் அடித்தாள். அவர் அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்தார். தன்னிடமிருந்த எழுத்தெல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பைத்தியம் வேறு பாசையில் பேசியது. இன்ரநெற்றில் அந்த எழுத்தின் பேரைத் தேடினார், அப்படியொன்று உலகத்திலேயே இல்லை.

"இது இந்தியாவில ஆரோ தன்ர கடைக்கெண்டு செஞ்சது தங்கச்சி. அங்கயிருந்துதான் எடுக்கோணும்."

இராமநாதபுரத்து முதலாளியின் நம்பர் பாவனையில் இல்லை. முகாமில் இன்னும் இருக்கிற சிநேகிதி கிறிஸ்ரினாவுக்குப் போன் அடித்தாள். அவள் பாவம், வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னேரம் போன் எடுத்தாள்.

"கடையே இல்லடி. இப்ப செல்போன் கடை ஆயிருச்சு. முதலாளி தவறிப்போய் ரெண்டு வருசமாம். அந்த மச்சினர் திருப்பூர்ப் பக்கம் போயிட்டாராம், எங்கன்னு யாருக்கும் தெரியல."

அன்ரோனெற் போனை வைத்துவிட்டு மறுபடி அந்த ஐந்து பக்கத்துக்கு முன்னால் இருந்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று மட்டும் பிடிபட்டது. ஒரே மாதிரியான ஒரு கூட்டம் எழுத்து, நடுவில் ஒரு பெட்டியோடு, திரும்பத் திரும்ப வந்தது. முதல் பக்கத்தில் ஒன்பது தரம், இரண்டாம் பக்கத்தில் பதினான்கு தரம். அது சாந்தரூபனின் பெயர். வேறெந்தச் சொல் அவ்வளவு தரம் வரும்? அந்தப் பெயரை வைத்து மற்ற எழுத்துகளைப் பிடிக்கப் பார்த்தாள். பாதி எழுத்து பெட்டியாகிக் கிடந்தால் என்னத்தைப் பிடிக்கிறது? பொழுது சாயும்வரை மாரடித்தும் அரை வரிகூடத் தேறவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அகஸ்ரினா மாமி வந்தார். பூசைச் சீலையோடேயே, கையில் தாளை மடிக்காமல் வைக்க ஒரு பிளாஸ்ரிக் உறையும் கொண்டுவந்திருந்தார். அன்ரோனெற் அந்த உறையைப் பார்த்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"மாமி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கடுதாசி போயிட்டுது. எழுத்தெல்லாம் மாறிப்போச்சு, ஒருத்தராலயும் வாசிக்க ஏலாது. இன்னொருக்காச் சொல்லுங்கோ, நான் மெதுவாயெண்டாலும் வஸீர் நானா போட்டுத்தந்த வேற எழுத்தில அடிச்சுத் தாறன்."

மாமி திரையைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"இந்தா இருக்குத்தானே பிள்ளை. எழுத்து இருக்குத்தானே."

"இருக்கு மாமி. ஆனா இது அது இல்லை."

மாமி உறையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி சொல்லத் தொடங்கினார். புது எழுத்துக்கு எந்தப் பொத்தானில் எது வருமென்று தெரியாமல் அன்ரோனெற் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். ஒரு வசனம் சொன்னால் மாமி அது முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்ததில் கதை அறுந்துபோனது. அன்றைக்கு ஆறு போல ஓடியது, இன்றைக்குச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மகனின் பெயர், வயது இருபத்திரண்டு, படகுக்கு ஐஸ் எடுக்கப் போனவன், சந்தியில் வான் நின்றது, ஏற்றினார்கள். அவ்வளவுதான். அரைப் பக்கம் வரவில்லை.

"மாமி, அண்டைக்கு இன்னும் எவ்வளவோ சொன்னனீங்கள். அவன் என்ன உடுத்திருந்தவன், வானில ஏத்தேக்க உங்களைப் பார்த்து என்ன சொன்னவன், எல்லாம் சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை, சொன்னனான். ஆறு வருசமா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, மறந்துபோகக் கூடாதெண்டு எல்லாத்தையும் ஒருக்காச் சொல்லிப் பார்க்கிறனான். சேட், செருப்பு, அவன்ர சொல்லு, ஒண்டும் விடாமல். உன்னட்ட சொல்லி முடிச்ச அண்டைக்குத்தான் அந்த வேலையை விட்டனான். இனிக் கடுதாசியில இருக்கு, மறந்தாலும் பரவாயில்லையெண்டு. அண்டையிலயிருந்து நல்லா நித்திரை கொள்ளுறன்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இப்ப கேட்டா ஒண்டும் வருகுதில்லை, பிள்ளை. நீலமோ, கோடு போட்டதோ. வாயில வருகுதில்லை."

அன்ரோனெற் அந்தக் கணத்தில் செத்துவிட்டால் நல்லதென்று நினைத்தாள். மாமியின் மனதிலிருந்து எடுத்து வாங்கி வைத்தவள் அவள்தானே. சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுடைய பத்து விரலாலும் போயிருக்கிறது. ஆனால் விரலால் போனதே தவிர மண்டையில் ஒன்றும் தங்கவில்லை. அந்த மாதம் மட்டும் முப்பத்தொரு தாய்மாருக்கு அடித்துக்கொடுத்திருந்தாள். எல்லாருடைய பிள்ளையும் ஒரு சேட் போட்டிருந்தான், எல்லாரும் போகும்போது ஏதோ சொன்னார்கள். பச்சைச் சேட் யாருடையது, தோளில் கிழிந்த சேட் யாருடையது, "அம்மா, சாப்பிட்டிட்டுப் படுங்கோ" என்று சொன்னவன் யாருடைய பிள்ளை? எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

திங்கட்கிழமை இருவரும் முதல் பஸ்ஸில் ரவுணுக்குப் போனார்கள். விசாரணை நடந்த மண்டபத்துக்கு வெளியே வெயிலில் இருநூறு பேருக்கு மேல். அவர்கள் முறை வர மத்தியானமாகிவிட்டது. அந்த அரைப் பக்கத்தைக் கொடுத்தார்கள். குழுவின் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அது வெறுந்தாள். சிங்களத்தில் ஏதோ கேட்டார், பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்.

"அம்மா, மகன் அண்டைக்கு என்ன உடுப்பு? என்ன நிறம்? ஏதும் சொன்னாரா? அடையாளம் பிடிக்கத்தான் கேக்கிறம்."

அகஸ்ரினா மாமி ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, பின்னால் நின்ற அன்ரோனெற்றைக் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார்.

"அதெல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரியும் ஐயா. ஒண்டும் விடாமல் இவவிட்டச் சொன்னனான். இவவைக் கேளுங்கோ."

மேசைக்கு அந்தப் பக்கமிருந்த மூன்று பேரும் அன்ரோனெற்றைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கிறவர் பேனையைத் தயாராகப் பிடித்தார். அவள் வாயைத் திறந்தாள், ஒரு நிறமும் வரவில்லை. எதையாவது சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்றவன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

மாமி அவளுடைய கையை விடவில்லை.

"பதறாத பிள்ளை," என்றார். "ஆறுதலா யோசிச்சுப் பார். உனக்கு ஞாபகம் வரும்."