உடைய வேண்டிய ஆணி

இராசரத்தினம் அண்ணையின் ட்ராக்டரைக் கெடுத்தது நான்தான். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தே, நின்று நிதானித்துச் செய்தேன்.

2009 நவம்பர். ஊரில் போர் முடிந்து ஆறு மாதம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற வோபர்னில், வீட்டுக் கராஜில், பனிக்கு முன் வேலை குவிகிற காலம். வெக்ஸ்போர்ட்டில் புல்வெட்டியும், பனியை அள்ளி எறிகிற ஸ்னோ புளோவரும் திருத்துகிற கடையொன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். கடை மூடப்பட்டதும் வீட்டிலேயே தொடங்கிவிட்டேன். எங்கள் ஆட்கள் வந்தால் முதலில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அவர் இல்லையோ என்று கேட்பார்கள். என் மனுசனுக்கு ஒயிலை எந்த ஓட்டைக்குள் ஊற்றுவது என்றே தெரியாது. ஆனாலும் கேட்பார்கள்.

பழைய பெற்றோலை வடித்து, காபரேற்றரைக் கழுவி, பெல்ற் மாற்றி, சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டிக் கொடுத்தால் நாற்பது வயது மெஷினும் பனிக்குத் தாக்குப்பிடிக்கும். அண்ணையின் ட்ராக்டர் என்னைவிட ஒரு வயது மூத்தது. தோட்டத்துக்கென்று செய்த சின்ன ட்ராக்டர், முன்னுக்கு ஸ்னோ புளோவர் பூட்டியது. அஜின்கோர்ட்டில் தன் தெருவில் பதினான்கு வீட்டு வாசல் பனியையும் அவர் அதைக்கொண்டுதான் வழிப்பார். கோயிலிலும் கூட்டத்திலும் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த மெஷினால் வந்தது. மீதி வாயால் வந்தது.

அந்த வாயைப் பற்றித்தான் சொல்லவேண்டும். ஊர்ச் செய்தி எல்லாம் முதலில் அவரிடம்தான் வரும் என்று பேர். அந்த வருட மார்ச்சில், வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த என் தம்பி கோகுலன் சற்றலைற் போனில் கூப்பிட்டான். சனம் கடலேரித் தண்ணியைக் கடந்து ஆமியின் பக்கம் போகிறது, நாங்களும் போகவா, இருக்கவா என்று கேட்டான். நாளைக்கு இதே நேரம் போன் எடு என்று சொல்லிவிட்டு அண்ணையிடம் ஓடினேன். கப்பல் வருகிறது, சனத்தை ஏற்றப்போகிறது, எல்லாம் முடிவாகிவிட்டது, ஒருவரும் அசையவேண்டாம் என்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். அதை நான் தம்பிக்குச் சொன்னேன். கப்பல் வரவில்லை. மே மாதம் கோகுலன் பங்கருக்குள் செத்துப்போனான். அவன் மனைவி துஷானி முகாமிலிருந்து போன் எடுத்தபோது என்னை ஏசவில்லை.

"அக்கா சொன்னவ எண்டுதான் அவர் இருந்தவர்," என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அண்ணையின் பெயரை யார் எடுத்தாலும் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடுவேன். அவரோ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டு, உலகம் எங்களை ஏமாற்றிவிட்டது என்று புதுக்கதை சொல்லிக்கொண்டு திரிந்தார். தான் சொன்னது ஒன்றும் அவருக்கு நினைவில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது நடக்கவேண்டும் என்று கும்பிட்டேன். அந்த வருடம் கோயிலில் வேறெதையும் நான் கேட்கவில்லை.

கடவுள் அவரை ட்ராக்டரோடு என் கராஜுக்கே அனுப்பிவைத்தார்.

புளோவரில் பனியை அள்ளும் சுருள் தகட்டை அச்சோடு பிடித்திருப்பது சியர் பின் என்கிற மெல்லிய ஆணி. ஐஸ் கட்டி சிக்கினால் அது முறிந்து, பின்னால் இருக்கிற கியர்பொக்ஸைக் காப்பாற்றும். முறிவதற்கென்றே செய்த ஆணி. எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது. உடைகிற சாமானை எவன் பூட்டுவான் என்று சொல்லி உருக்குப் போல்ற் ஒன்றை இறுக்கிவிட்டு, கியர்பொக்ஸ் வெடிக்கும்வரை பெருமையாகத் திரிவார்கள். அப்படிக் கேட்டு வந்த எத்தனையோ பேரை ஏசிக் கலைத்திருக்கிறேன். அண்ணையும் அதையேதான் கேட்டார்.

"பிள்ளை, போன வின்ரருக்கு ஏழு பின் உடைஞ்சுபோச்சு. உடையாத சாமானாப் பாத்துப் போட்டுவிடும்."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"ஓம் அண்ணை, போடுறன். இனி உடையாது."

அவர் போனபிறகு, இருந்ததிலேயே வலுவான உருக்குப் போல்றைத் தேடி எடுத்தேன். மற்ற வேலைகளை ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். அந்தக் கியர்பொக்ஸ் இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவருடைய வாயை நம்பி நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவரும் பார்க்கட்டும். தம்பியின் உயிருக்கு ஒரு கியர்பொக்ஸ் ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் அந்தப் போல்றை இறுக்கும்போது சுகமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் விடிய விடியப் பனி கொட்டியது. காலையில் கோப்பியோடு யன்னலடியில் இருந்து ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அடித்தது. மெஷின் நின்றுவிட்டது, ஒருக்கால் வந்து பாரும் என்றார்.

போனேன். சிற்றி வண்டி தெருவை வழித்துக் குவித்துவிட்டுப் போன ஐஸ் கட்டியில், மூன்றாவது வீட்டு வாசலில், ட்ராக்டர் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கியர்பொக்ஸ் இரண்டாகப் பிளந்து, ஒயில் பனியில் கறுப்பாக ஊறியிருந்தது. நான் பூட்டிய போல்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். திருத்தவே ஏலாதோ என்று கேட்டார். ஏலாது என்றேன். பழைய பின் இருந்திருந்தால் அது முறிந்து இதைக் காப்பாற்றியிருக்கும் என்று விளக்கினேன். இந்த நிமிடத்துக்காகத்தானே ஒரு மாதம் காத்திருந்தேன். ஆறுதலாக, ருசித்து ருசித்து விளக்கினேன்.

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்லை?"

"கப்பல் வரும், அசையவேண்டாம் எண்டு நீங்கள் சொன்னீங்கள். என்ர தம்பி அசையேல்லை. அதுக்குத்தான்."

 அவருடைய மொட்டைத் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பார், இல்லாவிட்டால் கத்துவார் என்று பார்த்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"கப்பல் வரும் எண்டு நம்பித்தான் நான் சொன்னனான்," என்றார். "உமக்கு இது உடையும் எண்டு தெரியும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, பனி அள்ளுகிற சவல் ஒன்றை எடுத்துவந்து, நான்காவது வீட்டு வாசலைக் கையால் வழிக்கத் தொடங்கினார். நான் காருக்குள் போய் இருந்தேன். வென்றவள் நான்தான். ஆனால் சாவியைத் திருப்பாமல் அவர் வழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மார்ச்சில் அண்ணை வீட்டிலிருந்து வந்ததும் வேலையைக்கூடப் போட்டுவிட்டு, கப்பலைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தமிழிலும் இங்கிலிஷிலும் எல்லாச் செய்தியையும் தேடினேன். எங்கும் இல்லை. கப்பல் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போ என்று சொல்லி, தண்ணிக்குள் வைத்து அவனுக்குச் சூடு பட்டால், அது என் சொல்லால் நடந்ததாகிவிடும். அடுத்த நாள் கோகுலன் போன் எடுத்து, உண்மையாக வருமோ அக்கா என்று கேட்டான்.

"ஓமடா," என்றேன். "அண்ணை சொன்னவர்."