ஹில்தார்தோ கடை டயர்களுக்குப் பாலிஷ்

கார்மேல் மாதா திருநாளன்று காலையில் ரூபியேலா வாளியில் டயர் பாலிஷ் கலக்கிக்கொண்டிருந்தாள். கிளிசரின், தண்ணீர், கொஞ்சம் சோப்பு. வேறெதுவும் கிடையாது. ஓடைக்கரையில் அவள் நடத்தும் வாட்டர் சர்வீஸில்தான் அந்த மலையூர் ஜீப்புகள் எல்லாம் திருநாளுக்கு முந்தைய தினம் குளித்துவிட்டுப் போகும். சேறு கழுவி, பித்தளை துடைத்து, கடைசியில் டயருக்கு ஒரு பூச்சு. ஜீப்காரர்களுக்கு மாதாதான் காவல். மங்கின டயரோடு மாதா முன்னால் போய் நிற்கிறவனை மற்ற டிரைவர்கள் அடுத்த திருநாள் வரைக்கும் விடமாட்டார்கள். "மாதா வீட்டுக்குக் கால் கழுவாம வந்தவன்" என்று சந்தையில் வைத்தே கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் ஒரு ஜீப்பும் வரவில்லை. எல்லாரும் கீழ்த்தெருவில் புதிதாக வாட்டர் சர்வீஸ் திறந்தவனிடம் போய்விட்டார்கள். ரூபியேலா யாருக்காக வாளி நிறையக் கலக்குகிறாள் என்று கேட்க அங்கே ஆளில்லை.

எல்லாம் தம்பி ஆர்செசியோவின் காலோடு வந்த வினை.

போன திருநாள் முடிந்து காப்பி அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மூட்டை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்த அவனுடைய ஜீப்பின் முன் டயர் வெடித்தது. ஜீப் வாழைத்தோப்புக்குள் உருண்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டயர் புதிது. சந்தைச் சதுக்கத்தில் கடை வைத்திருக்கும், ஊரார் மரியாதையாகத் 'தோன்' என்று கூப்பிடும் ஹில்தார்தோவிடம், திருநாளுக்காகவே வாங்கிப் போட்டது. ஒரு வருடம் கியாரண்டி என்று சொல்லித்தான் விற்றிருந்தான்.

வெடித்த டயரை ரூபியேலாதான் உருட்டிக்கொண்டு போனாள். பக்கவாட்டில் ரப்பர் முழுக்கக் கோடு கோடாக விரிசல் ஓடியிருந்தது. ஹில்தார்தோ கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். விரலை மோந்தான்.

"பாலிஷ் போட்டியா?"

"திருநாளுக்கு எல்லா ஜீப்புக்கும் போடுறதுதானே தோன் ஹில்தார்தோ."

"அப்ப முடிஞ்சது கதை. கெமிக்கல் பட்ட டயருக்குக் கியாரண்டி கிடையாது. நான் சொல்லலம்மா, கம்பெனிக்காரன் சொல்றான்."

"கிளிசரினும் தண்ணியுங்க. நான் வெறுங்கையால அள்ளிப் பூசுறேன், என் கை என்ன கரைஞ்சா போச்சு?"

"காட்டு பாப்போம் கைய. இந்தா, அதுவும் வெடிச்சுத்தான் கிடக்கு!"

கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். சிறுவயது முதல் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறிய கை வெடிக்காமல் என்ன செய்யும்? அவள் கையை மடக்கிக்கொண்டாள். அவன் அதோடு விடவில்லை.

"உன் தம்பி காலை எடுத்தது என் டயர் இல்ல ரூபியேலா. உன் வாளி."

அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் சூப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தபோது ஆர்செசியோ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். "நீ பூசினதுதானாமே" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சமைத்ததை அவன் தொடவில்லை. சக டிரைவர் ஒவீதியோவின் மனைவி கொண்டுவரும் அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தின்றுவிட்டு ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி உட்கார்ந்திருப்பான். ஒரே கூரையின் கீழ் அவன் வேறு வீட்டுக்காரன் போல இருந்தான்.

ரூபியேலா அழுது தீர்க்கிற பெண் இல்லை. கொளுத்திவிடலாமா என்று முதலில் யோசித்தாள். ரப்பர் நன்றாக எரியும். ஆனால் கடை எரிந்தால் ஊரே வாளியோடு ஓடிவந்து அவனுக்காக அழும், திருநாள் உண்டியலில் அவனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும். அவளுக்கு அவன் முழுசாக வேண்டும். வெள்ளைச் சட்டையோடு, தங்கச் சங்கிலியோடு, சதுக்கத்தில் ஊர் பார்க்க நிற்க வேண்டும். தம்பி காதில் விழுகிற மாதிரி அவன் வாயாலேயே அந்தப் பேச்சை அவன் திரும்ப விழுங்க வேண்டும். வண்டி கழுவும்போதெல்லாம் அவன் சொன்னதையே மென்றுகொண்டிருந்தாள். கெமிக்கல் பட்ட டயருக்குக் கியாரண்டி கிடையாது. மெல்ல மெல்ல அதில் ஒரு ருசி தட்டியது.

திருநாள் காலையில் வாளியோடு சதுக்கத்துக்கு அவள் வந்தபோது ஜீப்புகள் கோவில் வாசலிலிருந்து வரிசை கட்டியிருந்தன. காகிதப் பூக்கள், பலூன், பானெட் மேல் மாதா படம். காலையிலேயே சோம்புச் சாராயம் ஒரு சுற்று போயிருந்தது. பாதிரியார் வரிசையின் அந்தக் கோடியில் தீர்த்தம் தெளிக்க ஆரம்பித்திருந்தார். இந்தக் கோடியில் ஹில்தார்தோ கடை. திருநாளுக்கு ஜீப்காரர்கள் புது டயர் வாங்குவார்கள் என்பதால் கடையில் இருந்த அத்தனையையும் வெளியே உருட்டி நடைபாதை நீளத்துக்கு நிறுத்தியிருந்தான். எல்லாம் கன்னங்கரேலென்று மின்னின. பக்கத்துக் காப்பிக் கடை வாசலில் நாற்காலி போட்டு ஆர்செசியோவை ஒவீதியோ உட்காரவைத்திருந்தான்.

ரூபியேலா வாளியை இறக்கினாள். பிரஷ்ஷை முக்கினாள். முதல் டயரின் பக்கவாட்டில் ஒரு சுற்றுப் போட்டாள். அப்புறம் அடுத்தது.

"ஏ ரூபியேலா, கடை மாறி வந்துட்டியா? ஜீப்பு இந்தப் பக்கம் நிக்குது!" என்று யாரோ கத்தினான்.

"ஜீப்புக்கு எவன் என்னை விட்டான்? இங்க சும்மா நிக்குது, பூசுறேன்."

சிரிப்பு. மாதா ஊர்வலத்தின் சந்தடியில் ஹில்தார்தோவுக்கு விஷயம் எட்டும்போது பாதி வரிசை நனைந்திருந்தது. ஓடிவந்தான்.

"ஏய்! என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?"

"பாலிஷ் போடுறேன் தோன். திருநாள் இல்ல? கூலி வேணாம்."

"எடு அந்த வாளிய! போலீஸக் கூப்பிடுவேன். என் சரக்கையெல்லாம் நாசம் பண்ணிட்டாளே!"

இந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் காத்திருந்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாசமாயிடுச்சா? இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அந்தக் கோடியில பாதிரியாருக்கும் கேக்கட்டும். கெமிக்கல் பட்டா டயருக்குக் கியாரண்டி போச்சுன்னீங்க. இப்ப பட்டுடுச்சு. இதோ இவ்வளவுக்கும் கியாரண்டி இல்ல. வித்துக்குங்க பாப்போம்."

ஜீப்புகளில் இருந்தவர்கள் இறங்கினார்கள். புது செட் வாங்க வந்து நின்ற ஒருவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.

"அப்ப எனக்கு வேணாம் தோன். பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டு மலை இறங்கறவன் நான்."

"உள்ள வேற இருக்கு, உள்ள வா..."

"உள்ளயும் பூசியிருப்பா. அவ மூஞ்சியப் பாரு, விட்டுவச்ச மாதிரியா இருக்கு?"

ஹில்தார்தோவின் கண் வரிசை நெடுக ஓடியது. ஒரு வருடம் முழுக்க விற்பதில் பாதியை அந்த ஒரு நாளில் விற்பவன். தோளைக் குலுக்கிச் சிரிக்கப் பார்த்தான்.

"அட, என்னப்பா நீங்க! இவ வாளியில என்ன இருந்துடப் போகுது? வெறும் கிளிசரின் தண்ணி. இதனால டயர் கெடுமா? துணியால துடைச்சா போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. ரூபியேலா காப்பிக் கடைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு. அதான்."

ஹில்தார்தோ துணியை எடுத்து, தான் சொன்னதைக் காட்டுவதற்காக ஒரு டயரைத் தானே துடைத்தான். அதுதான் அவன் செய்த பிசகு. துணி கறுப்பாக வந்தது. துடைத்த இடம் சாம்பல் நிறத்தில் வெளுத்து, அதில் மயிரிழை போல விரிசல்கள் தெரிந்தன. ஒவீதியோ குனிந்து வாளிக்குள் பார்த்தான். வெள்ளையாக இருந்த நுரை கறுத்து, மேலே எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மிதந்தது. விரலை விட்டு மோந்தான்.

"டீசல்!" என்றான். "டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும். ரூபியேலா, நீ கலந்தியா?"

"எனக்கென்ன கிறுக்கா? டீசல் ரப்பரைத் தின்னுடும். அது டயர்ல இருந்து வந்தது."

இதை அவளே எதிர்பார்க்கவில்லை. வாயை அடைக்கத்தான் வந்திருந்தாள். யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சதுக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் டயரை நம்பிப் பிழைக்கிறவர்கள். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்து வெளுத்த பழைய சரக்கை டீசல் தடவிக் கறுப்பாக்கிப் புதிது என்று தள்ளியிருக்கிறான். கெட்டதை மறைக்கப் போட்ட பூச்சு மிச்சத்தையும் கெடுத்திருக்கிறது. இதைத்தான் தம்பி காப்பி மூட்டையோடு இறக்கத்தில் நம்பினான். ஜெயித்த சந்தோஷம் எங்கேயோ போயிற்று. அந்த வெள்ளைச் சட்டையைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

"எல்லாத்துலயும் இல்லப்பா," என்று ஹில்தார்தோ பின்வாங்கினான். "கொஞ்சம் பழைய ஸ்டாக், அவ்வளவுதான். ரூபியேலா, இங்க பாரு. உன் தம்பிக்கு உள்ள இருந்து நல்லதா ஒரு செட் எடுத்துத் தர்றேன். கியாரண்டியிலேயே தர்றேன், போதுமா?"

"ஒத்தக் கால்காரனுக்கு நாலு டயரா? எதுல மாட்டுறது?"

கூட்டத்தில் ஒருவன் தரையில் துப்பினான். இன்னொருவன் போன மாதம் வாங்கிய தன் டயரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அங்க போங்க. அவன்கிட்ட சொல்லுங்க, யார் வாளி அவன் காலை எடுத்துச்சுன்னு."

ஹில்தார்தோ போகமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் டிரைவர்கள் விலகி அவனுக்கு ஒரு வழி விட்டார்கள். அந்த ஒரு வழியைத் தவிர வேறு பக்கம் போக விடவில்லை. அவன் காப்பிக் கடை வாசலுக்குப் போனான். தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க அக்கா போட்டதால ஒண்ணும் ஆகல" என்றான்.

"அப்புறம் எதனால ஆச்சு?" என்று கேட்டான் ஆர்செசியோ.

பதிலுக்குக் காத்திருக்காமல் ஆர்செசியோ ஊன்றுகோலை எடுத்து எழுந்தான். ஹில்தார்தோவைத் தாண்டி, நடைபாதையில் மெதுவாகத் தட்டித் தட்டி வந்தான். ரூபியேலா மன்னிப்பு ஏதாவது கேட்பானோ என்று பயந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வரிசையில் இன்னும் நனையாமல் மின்னிக்கொண்டிருந்த டயர்களைத்தான் பார்த்தான். ஒன்றின் மேல் உட்கார்ந்து, கையை நீட்டினான்.

"பிரஷ்ஷக் குடு."

கொடுத்தாள். அவன் அழுத்தித் தேய்த்தான். கறுப்பு வழிந்து இறங்க இறங்க விரிசல் வெளியே வந்தது. அடுத்ததற்குத் திரும்பினான். வாளி எட்டவில்லை. குனிந்து இழுக்க அவனிடம் ஒரு கால் குறைவு. ரூபியேலா எடுக்கப் போனாள்.

"நீ நில்லு அக்கா," என்றான். "ஏய் ஹில்தார்தோ! இங்க வா. வாளிய இப்படித் தள்ளு."

தீர்த்தக் குச்சியோடு இந்தக் கோடிக்கு வந்துவிட்ட பாதிரியார், முன்னால் நகராத ஜீப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் நின்றார். ஹில்தார்தோ கூடி நின்றவர்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிறகு வெள்ளைக் கால்சட்டையை முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் வாளியைத் தள்ளினான்.

"இன்னும் கிட்ட," என்றான் ஆர்செசியோ.