புகை தேடிய காஞ்சனா

அலோர் ஸ்டார் ஓரத்தில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில், வேலை கிடைக்காத படிப்பாகத் தேடிப்பிடித்துப் படிப்பவள் காஞ்சனா ஒருத்திதான். உலக இலக்கியம். அதிலும், மனிதன் பூமியைப் பாழாக்கிய காலத்தை உலக நாவல்கள் எப்படிச் சொல்கின்றன என்று ஆராய்ச்சி. முப்பத்தொன்பது வயதில் இது தேவையா என்று தெருவே கேட்டாயிற்று. அவளும் கேட்டுக்கொள்வதுண்டு, ஏர்கோன் குளிரைப் பதினாறு டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் சுருண்டபடி.

அவளுடைய ஆய்வுத் திட்டத்தைப் பல்கலைக்கழகக் குழு இரண்டு முறை திருப்பியிருந்தது. இந்த முறையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். இணையத்தில் நேர்காணல் தொடங்கும் நேரம், நல்லபடி நடக்கட்டும் என்று அம்மா பிரேமாவதி சாம்பிராணிச் சட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். சாத்திய அறை. கொஞ்ச நேரத்தில் திரையில் காஞ்சனாவின் முகம் பாதிதான் தெரிந்தது. காட்டுத்தீ நாவல்களைப் பற்றி இருமிக்கொண்டே பேசினாள்.

குழுவில் இருந்த பேராசிரியர் சுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றினார். “வயல்ல வைக்கோல் எரிக்கிற புகையாம்மா அது?”

“ஆமா சார். இங்க எப்பவும் இப்படித்தான்.”

குழு உருகிவிட்டது. திட்டம் பாஸ். ஒரே நிபந்தனை, அந்தப் புகையைப் பற்றிப் படங்களோடு ஒரு அத்தியாயம் வேண்டும்.

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான பெண்டாங்கின் வயல்களில் புகை தேடினாள். அறுப்பு முடிந்திருந்தது; பாழாய்ப்போன வானம் பளிச்சென்று நீலமாகக் கிடந்தது. வைக்கோல் உருளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டுத் தர்மலிங்கம். எல்லாம் மாட்டுப் பண்ணைக்குப் போகிறதாம்.

“கொஞ்சூண்டுகூட எரிக்க மாட்டாங்களாண்ணே?”

“எரிச்சா ஃபைன் போடுவான் லா. காத்து கெடுதுன்னுதானம்மா நீ படிக்கிற?”

காற்று சுத்தமாக இருப்பதற்கு வயிறெரியும் ஆராய்ச்சியாளர் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது. வரப்பில் நின்றே பேராசிரியரைப் போனில் கூப்பிட்டு, அது சாம்பிராணி என்று சொல்லிவிட்டாள். அவர், குழுவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, இன்னொரு வாய்ப்புத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

பதில் வரும்வரை யார் விசாரித்தாலும் பாஸ் என்றே சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் போட்டு ஏற்பாடு செய்துகொண்டாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த தர்மலிங்கத்தின் லாரி, அவள் காருக்கு முன்னால் தாமானுக்குள் நுழைந்துவிட்டது.