வேங்கிக்கால் திருச்சங்கம்

ஃப்ரீசர் பெட்டிக்குள் கையை விட்டு அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் தென்றல்.

"அத எடுத்துடுக்கா," என்றான் தம்பி அறிவுச்செல்வன். "பாஸ்டர் வெளிய நிக்கிறாரு. மாலை இருந்தா உள்ள வந்து ஜெபிக்க மாட்டாராம்."

"வெளியவே ஜெபிக்கட்டும். அங்க காத்து நல்லா வருது."

அறிவு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் ஐந்து வருஷம். அப்பா ராஜமாணிக்கம் கடைசிவரை மாதா கோயில்தான். மாலை இல்லாமல் அடக்கம் பண்ணக்கூடாதென்று போன வாரம்கூட மகளிடம் சொன்னார். ஆனால் இதே வீட்டில் வைத்து இரண்டு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவன் அறிவு. தென்றலுக்கு வாயடைத்துப்போகிற இடம் அது ஒன்றுதான்.

மற்றபடி அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவள். லூத்தர் திருச்சபையிலிருந்து பிரிந்த பிறகு கத்தோலிக்கர்கள் திரெந்து ஊரில் சங்கம் கூட்டி, விட்டுவிட்டுப் பதினெட்டு வருஷம் பேசினார்களென்று வருஷாவருஷம் போர்டில் எழுதுவாள். அவர்களுக்கென்ன, சாவகாசம். இவளுக்கு நாலு மணிக்கு அடக்கம்.

"எங்காளுங்க ஐந்நூறு வருஷமா விட்டுக்குடுக்கல," என்றாள். " இன்னிக்கு நான் விடுவேனா?"

"அங்க ராஜாங்க சண்ட போட்டாங்க. இங்க நீ ஒரே ஆளு."

உண்மைதான். ஜெபமாலையில் ஒருவர் பாதி சொன்னால் மற்றவர்கள் மீதியைச் சொல்லவேண்டும். கீழ்பென்னாத்தூர் சொந்தங்களின் வேன் இன்னும் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோ, பௌர்ணமி தவறாமல் மலை சுற்றும் எதிர்வீட்டு சரோஜா.

"எனக்கு இந்த ஜெபமெல்லாம் எங்க வருது டீச்சர்?"

"நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க."

தென்றல் முழங்காலிட்டு, இரண்டு பாதியையும் தானே சொன்னாள். மணிக்கு ஒரு "அருள் நிறைந்த மரியே" என்று மாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தன. சரோஜாவின் ஆமென் தெருமுனை வரைக்கும் கேட்டது.

இரண்டாவது பத்தில் அப்பாவின் தாடையைப் பார்த்துவிட்டாள். நேற்றுக் காலையில்தான் அறிவு வழித்துவிட்டிருக்கிறான். காதோரம் ஒரு முடிகூடத் தப்பவில்லை. நிறுத்தவில்லை, இழுத்து இழுத்துச் சொன்னாள். மாலை அப்பா கையில் இருந்ததால் கணக்குத் தவறிப்போனது. மறுபடியும் "அருள் நிறைந்த" என்று ஆரம்பித்தாள்.

"பத்து முடிஞ்சுதுக்கா," என்றது வாசல்பக்கம் ஒரு குரல். "நீ பதினொண்ணு போற."

"ஆமென்," என்றாள் சரோஜா.

தென்றல் தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் போயிற்று. அறிவு பாஸ்டரைப் பார்த்தபடி, இவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். பின்னால் இருந்த கையில் கட்டைவிரல், விரல்கணுக்களை எண்ணி வந்து பத்தாவதில் நின்றிருந்தது.

அவள் மூன்றாவது பத்தைத் தொடங்கினாள். அவனுடைய கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவுக்கு வந்து நின்றது.